கேட் மீட்டிங்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராக இருந்து, பிறகு சங்கப் பொறுப்புக்கு வந்து, ஓய்வு பெற்றவர். வேலைநிறுத்தம், ஆலைமூடல் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கே: எங்கள் ஆலையில் சம்பள ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சுவார்த்தை நகரவில்லை. ஸ்ட்ரைக் என்று வாயெடுத்தாலே, "ஆலையைத் தூக்கிக்கிட்டு குஜராத் போயிடுவோம்" என்கிறார் ஹெச்.ஆர். நிஜமாகவே போவார்களா, பயம் காட்டுகிறார்களா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், ஒரகடம்

தம்பி, போகிறவன் சொல்லிக்கொண்டு போகமாட்டான். உங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006இல் திறந்தது, 2014 நவம்பர் 1இல் நின்றது. ஒரு காலத்தில் 8,000 பேர் வேலை பார்த்த ஆலை அது. ஸ்ட்ரைக்கால் மூடினார்களா? வரி வழக்கில் ஆலை முடங்கிக் கிடந்தது. மைக்ரோசாஃப்ட் செல்போன் வியாபாரத்தை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. ஆர்டர் நின்றது, கதை முடிந்தது. அதை நம்பி நடந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் சில வாரத்தில் நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்து ஸ்ட்ரைக் செய்தது 2022 மே மாதக் கடைசியில். அதுவும் மூடாதே என்பதற்காக அல்ல, மூடுகிறாய், சரி, இழப்பீட்டை ஒழுங்காகப் பேசு என்பதற்காக. எது முன்னால், எது பின்னால் என்று பாருங்கள். ஆனால் ஊரில் டீக்கடையில் கேட்டால் "கொடி பிடிச்சாங்க, கம்பெனி போயிடுச்சு" என்பார்கள்.

ஆகவே ஹெச்.ஆர். வாயைப் பார்க்காதீர்கள், ஸ்டோரைப் பாருங்கள். ஆலை ஒரே நாளில் மூடப்படுவதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது) முதலில் நின்றது கார்பைடு டிப், அதாவது இரும்பைச் சீவும் முனை. வேண்டும் என்று இண்டென்ட் எழுதிப் போட்டால் "பழசையே சாணை பிடிச்சு ஓட்டுங்க" என்று பதில் வரும். அப்புறம் கூலண்ட் மாற்றுவதை விட்டார்கள். ஷெட்டில் நாற்றம் அடித்து, ஆபரேட்டர்களுக்குக் கையெல்லாம் சொறி வந்தது. கேன்டீன் காண்ட்ராக்டர் பாக்கிக்காக ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு பொங்கல் லீவு முடிந்து வந்தால், வரிசையில் கடைசி சி.என்.சி. மெஷினைக் காணோம். ஃபவுண்டேஷன் போல்ட்டை கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். தரையில் மெஷின் அளவுக்குச் சதுரமாக எண்ணெய்க் கறை. "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றார் சூப்பர்வைசர். எட்டு டன் மெஷினை எந்த ஊரில் அய்யா சர்வீஸுக்கு அனுப்புகிறார்கள்? சங்கத்துக்குள் நாங்கள் போனஸ் சதவீதம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் ஆலையில் புது லைன் போடுகிறார்களா? அப்ரண்டீஸ் எடுக்கிறார்களா? பி.எஃப். மாதா மாதம் ஏறுகிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் குஜராத் பேச்சு வெறும் பூச்சாண்டி. தைரியமாகப் பேசுங்கள். மெயின்டனன்ஸ் நின்றிருந்தால், டை, மோல்டு எல்லாம் வெளியே போகிறது என்றால், சம்பள உயர்வுக் கோரிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இழப்பீட்டுக் கணக்கைப் போடத் தொடங்குங்கள்.

இன்னொன்று. ஸ்ட்ரைக் தேதியை நீங்கள்தான் குறிக்க வேண்டும். குடோனில் மூன்று மாதச் சரக்கு தேங்கிக் கிடக்கும்போது உங்களைச் சீண்டி வெளியே அனுப்புவது முதலாளிக்கு லாபம். சம்பளம் மிச்சம், பழி உங்கள் தலையில். டெஸ்பாட்சில் இருக்கும் தோழரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தச் சங்கமும் ஸ்ட்ரைக் நோட்டீஸ் அடிக்கக் கூடாது.

கே: ஸ்ட்ரைக்குக்கும் லாக்கவுட்டுக்கும் என்ன வித்தியாசம்?
— கல்லூரி மாணவர், விழுப்புரம்

முதலாவது நாம் வேலையை நிறுத்துவது, பூட்டு நம் மனதில் இருக்கிறது. இரண்டாவது முதலாளி நம்மை வெளியே நிறுத்துவது, பூட்டு கேட்டில். மளிகைக் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், கடன் கொடுக்கமாட்டார்.

கே: என் கணவர் வேலை பார்க்கும் ஆலையில் 180 பேர். போன மாதம் கேட்டில் மூடல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவராக போன் போட்டு, ஏதோ ஒரு ஓட்டலுக்கு வரச்சொல்லி, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு செக் கொடுக்கிறார்கள். "முதலில் வருகிறவர்களுக்குத்தான் இந்தத் தொகை" என்கிறார்களாம். அவருக்கு 14 வருட சர்வீஸ். போகலாமா? எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.
— ஒரு வாசகி, ஓசூர்

அம்மா, போகட்டும், தப்பில்லை. செக்கை வாங்குவதற்கு முன் அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "வீட்டில் காட்டிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரச் சொல்லுங்கள். போட்டோ எடுக்க விடவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பேப்பரில் இரண்டு இடத்தைத் தேடுங்கள். ஒன்று, "சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன்" என்ற வரி. ஆலையை மூடுவது அவர்கள், ராஜினாமா செய்வது இவரா? அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் மூடல் இழப்பீடு என்று நாளைக்குக் கேட்க வாய் இருக்காது. இன்னொன்று பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும்: "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன்." அதற்கு மேலே உள்ள தொகையில் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறதா பாருங்கள். மொத்தமாக "ஃபுல் அண்ட் ஃபைனல் ரூ. 3 லட்சம்" என்று இருந்தால், அதில் பாதி உங்களுடைய சொந்தப் பணமாகவே இருக்கும்.

எப்படி என்று கேட்டால், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சம்பளம் எனக்குத் தெரியாது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 18,000, மொத்தச் சம்பளம் 24,000 என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: 18,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 14 வருடத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 1,45,000. இது மூடினாலும், மூடாவிட்டாலும் அவருக்குச் சேர வேண்டியது. ஐந்து வருடம் முடித்த எவருக்கும் உண்டு, யாரும் தானம் கொடுக்கவில்லை. வேலை முடிந்த 30 நாளுக்குள் தரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு. இரண்டாவது, மூடல் இழப்பீடு. முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அரை மாதம் 12,000 என்று வைத்தால் 14 வருடத்துக்கு 1,68,000. இரண்டும் சேர்ந்தாலே 3,13,000. லீவுச் சம்பளம், போனஸ் பாக்கி, கடைசி மாதச் சம்பளம் தனி. இப்போது அந்த "3 லட்சம்" எவ்வளவு தாராளம் என்று தெரிகிறதா?

15 நாள் என்பது தரைமட்டம், கூரை அல்ல. ஃபோர்டில் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று பேசியதால் வருடத்துக்கு 100 நாள் சம்பளத்துக்கும் மேல் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியோடு ஓசூர் ஆலையை ஒப்பிட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டலுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவதன் நோக்கமே, 180 பேர் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடக் கூடாது என்பதுதான். "முதலில் வருகிறவர்களுக்கு" என்பது ஆடித் தள்ளுபடிக்காரர் பேச்சு.

அரசு அனுமதி வாங்காமல் மூடலாமா என்று கேட்பீர்கள். பழைய சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ இருந்த ஆலையை மூட அனுமதி வேண்டியிருந்தது. புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கையை 300 ஆக்கிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் 180 பேர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள், அனுமதி தேவையில்லை. இருந்தாலும் 60 நாள் முன்னறிவிப்பும் இழப்பீடும் போகவில்லை. நோட்டீஸ் ஒட்டிய தேதியையும், மூடும் தேதியையும் எழுதி வையுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: செல்போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, கடைசி மாதம் வரை பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம், பி.எஃப். ஆபீஸில் புகார் எடுப்பார்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் வேலை போன அன்றே வைத்தியம் நின்றுவிடாது, கட்டிய காலத்துக்கு ஏற்பச் சில மாதம் ஓடும். மாமியாருக்கு ஆபரேஷன் ஏதாவது தள்ளிப்போட்டிருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கம்பெனி திவால் என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் வேறு கதை. அங்கே கிளைம் போடக் கெடு உண்டு, யாரும் வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார்கள். சொத்தை விற்கும் நிலை வந்தால் தொழிலாளியின் 24 மாதச் சம்பளப் பாக்கிக்கு, அடமானம் வாங்கிய வங்கிக்குச் சமமான வரிசையில் இடம் இருக்கிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணத்தை ஏலச் சொத்தோடு சேர்க்க முடியாது. ஆனால் கிளைம் போட்டவருக்குத்தான் வரிசை.

கே: புதிய சட்டத்தில் இனி ஸ்ட்ரைக்கே செய்ய முடியாதாமே?
— கே.வி., திருச்சி

செய்யலாம், ஆனால் நடக்க விடாத மாதிரி எழுதியிருக்கிறார்கள். முன்பு தண்ணீர், மின்சாரம், ரயில் மாதிரிப் பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லா ஆலைக்கும். நோட்டீஸ் கொடுத்தால் லேபர் ஆபீஸர் சமரசப் பேச்சைத் தொடங்குவார். பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரைக்கும் ஸ்ட்ரைக் செய்யக் கூடாது. "இன்று எல்லோருக்கும் வயிற்றுவலி" என்று பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக் கணக்கில் வந்துவிடும். எங்கள் காலத்து நல்ல ஆயுதம் ஒன்று போயிற்று!

ஆனால் பேட்ஜ் குத்தியபடி வேலை பார்க்க, கேன்டீன் சாப்பாட்டை ஒதுக்க, ஷிப்ட் முடிந்து கேட்டில் கூட்டம் போட நோட்டீஸ் தேவையில்லை. கேன்டீனில் 400 தட்டு சாம்பார் சாதம் அப்படியே இருந்தால் மேனேஜருக்கு அன்று இரவே ஹெட் ஆபீஸிலிருந்து போன் வரும்.

கே: சாம்சங்கில் 37 நாள் ஸ்ட்ரைக் செய்து என்ன கிடைத்தது?
— ஆர்.எம்., காஞ்சிபுரம்

ஒரு காகிதம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடு வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது, ஆனால் முடிச்சு விழுந்தது சங்கத்தைப் பதிவு செய்யும் இடத்தில். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது என்று கம்பெனி சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2025 ஜனவரியில் பதிவுச் சான்று கைக்கு வந்தது.

அந்த ஒரு காகிதத்துக்கா இவ்வளவு என்பவர்கள் சட்டத்தைப் பார்க்கவேண்டும். ஆலையில் பத்து சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் பதிவு செய்யலாம் என்றது 1926ஆம் வருடச் சட்டம். அதற்குத்தான் 37 நாள் சம்பளம் போயிருக்கிறது. காகிதம் இல்லாத சங்கத்தோடு பேசமாட்டேன் என்று முதலாளி சொன்னால் லேபர் ஆபீஸருக்கும் கை கட்டிவிடும்.

கே: பெரம்பூர் பின்னி மில்லில் என் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்தாராம். 1921இல் பெரிய ஸ்ட்ரைக் நடந்ததாகவும், அப்போது அவர் ஸ்ட்ரைக்கை மீறி மில்லுக்கு "உள்ளே போனவர்" என்றும் வீட்டில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அப்படி என்ன நடந்தது?
— ஓர் ஆய்வு மாணவி, புளியந்தோப்பு

தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டாம், மகளே.

பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில், இரண்டும் பின்னி கம்பெனியுடையவை. அந்தத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்பார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். செல்வபதி செட்டியாரும் நாயுடுவும் பெரம்பூர்க்காரர்கள், பக்தி உபன்யாசம் நடத்தும் சபை வைத்திருந்தவர்கள். உபன்யாசம் கேட்க வந்த மில்காரர்கள், சாப்பிடக்கூட நேரமில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்று புலம்பியதிலிருந்து சங்கம் முளைத்தது. 1920இல் தகராறு முற்றியபோது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீதே கம்பெனி உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்குப் போட்டது. வாடியா விலக வேண்டி வந்தது. அந்த வழக்குதான், தொழிற்சங்கத்தைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பி, 1926 சட்டத்துக்கு வழிவிட்டது. முந்தைய பதிலில் சாம்சங் தொழிலாளர்கள் பிடித்துத் தொங்கினார்களே, அதே சட்டம்.

1921க்கு வருவோம். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை மில் ஓடவில்லை என்றே சொல்லலாம். ஸ்ட்ரைக் நீண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பினார்கள். அதை "கருங்காலித்தனம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டவர்கள் பலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சங்கத் தலைமையில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது? சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் கொஞ்சம் நிலமோ, கடன் கொடுக்க ஒரு சொந்தமோ இருந்திருக்கும். சேரியில் சம்பளம் நின்றால் அடுப்பு நின்றது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா இந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசினார். அரசும் கம்பெனியும் அந்த விரிசலில் ஆப்பு இறக்கின. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, இரு பக்கமும் அடிதடி, ஆகஸ்ட் கடைசியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவு. கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்துவேன் என்று மிரட்டினார். அக்டோபரில் ஸ்ட்ரைக் தோற்றது.

அந்தத் தோல்வியைச் சொல்லும்போது துப்பாக்கியைச் சொல்கிறோம், வில்லிங்டனைச் சொல்கிறோம். கேட்டுக்குள் ஒரே தறியில் நின்றவர்கள், கேட்டுக்கு வெளியே ஒரே பந்தியில் உட்காராததைச் சொல்வதில்லை. நான் சங்கத்தில் இருந்த காலத்திலும் ஸ்ட்ரைக் நிதி வசூலிக்கப் போகும்போது, சில தெருக்களுக்குப் போகத் தயங்கிய தோழர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த ஐந்து மாதம் யார் அரிசி கொடுத்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

அந்த மில் 1996இல் மூடியது. அதை மூடியது எந்த ஸ்ட்ரைக்கும் இல்லை.

கே: யூனியன் தலைவர்கள் எல்லோரும் முதலாளியிடம் காசு வாங்குகிறவர்கள்தானே?
— எஸ்.பி., சேலம்

சிலர் வாங்குகிறார்கள். நானே ஒருவரைச் சங்கத்திலிருந்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் உறுப்பினர் என்றால் சங்கக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கச் சட்டப்படி உரிமை உண்டு. எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

கே: ஆனால் பம்பாயில் ஸ்ட்ரைக்தானே மில்களை அழித்தது? என் மாமனார் அதில் வேலை இழந்தவர்.
— ஒரு வாசகர், தானே

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், நியாயமான கேள்வி. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். முடிந்தது என்று யாரும் முறையாக அறிவிக்கவே இல்லை. சாமந்த் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் ஸ்ட்ரைக் தேதி பற்றி முதல் பதிலில் சொன்னது அவருக்கும் பொருந்தும். மில் நின்றாலும் துணி நிற்கவில்லை. பிவண்டி விசைத்தறிகளில் நெய்து கடைக்கு வந்துகொண்டே இருந்தது. மெஷின்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்த முதலாளிகள் பலருக்கு, தறியை விட அது நின்ற நிலம் பிடித்திருந்தது. சட்டமும் ஒரே ஒரு சங்கத்தைத்தான் அங்கீகரித்தது, தொழிலாளர்கள் நம்பியது வேறொரு ஆளை. இறங்கிய பிறகு திரும்பி வர ஒரு படி வைத்துக்கொள்ளாமல் இறங்கியது தப்பு. மாமனாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கே: எங்கள் ஊர் கோரல் மில் ஸ்ட்ரைக் பற்றி ஒரு வார்த்தை?
— டி.என்., தூத்துக்குடி

1908 பிப்ரவரி 27. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள், மில் நின்றது, பத்து நாளுக்குள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வந்தன. மார்ச் 12இல் இருவரையும் கைது செய்தபோது, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. சங்கம் என்று ஒன்று பதிவு செய்யாத காலம், பாருங்கள். ஸ்ட்ரைக்கைப் பழித்துப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று உங்கள் ஊரில் சொல்வார்களே, ஊர் சேர்ந்து நின்றால் ஸ்ட்ரைக் ஜெயிக்கும் என்பதற்கு அந்தப் பாதி மீசையே போதும்.

கே: நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஆறு வருடம் ஒரே மெஷின். ஆலை மூடினால் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான் எல்லாம், எங்களுக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். உண்மையா?
— எம்., கும்மிடிப்பூண்டி

பாதி உண்மை. கிராஜுவிட்டி, பி.எஃப். உங்களுக்கும் உண்டு, அது காண்ட்ராக்டர் பொறுப்பு. ஆறு வருடத்தில் மூன்று முறை காண்ட்ராக்டர் பெயரை மாற்றி, ஒவ்வொரு முறையும் சர்வீஸைப் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள், அங்கேதான் பிரச்சினை வரும். சம்பளப் பாக்கி என்றால், காண்ட்ராக்டர் ஓடிவிட்டாலும், ஆலை முதலாளி கொடுத்தாக வேண்டும். மூடல் இழப்பீட்டுக்கு, "நான் உண்மையில் ஆலையின் ஆள்தான், காண்ட்ராக்ட் வெறும் பெயருக்கு" என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அது வழக்கு, நேரம் எடுக்கும். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்: கேட் பாஸ், ஆலை லெட்டர்ஹெட்டில் கொடுத்த சேஃப்டி ட்ரெய்னிங் சான்று, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் ஷிப்ட் போட்டு அனுப்பிய செய்தி. செய்திகளை அழிக்காதீர்கள். போன் மாற்றினால் முதலில் அதைக் காப்பி எடுங்கள். கேட் பாஸைத் திருப்பிக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ். பின்பக்கத்தில்தான் முதலில் சேர்ந்த தேதி இருக்கும்.